கடல் கடந்த வெள்ளி

ஈப்போ சந்தையில் மீன் வாங்கும் பாட்டி, "பத்து வெள்ளிக்குப் போடு" என்கிறார். அவர் நீட்டுவதோ சிவப்பு நிறத் தாள். அந்தத் தாளில் வெள்ளி ஏதும் இல்லை. சில்லறைக் காசிலும் இல்லை. ஆனாலும் மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றுவரை 'வெள்ளி' என்றே அழைக்கின்றனர். பேராக் மாநிலத்தின் பெயருக்கும் மலாய் மொழியில் வெள்ளி என்றே பொருள். இம்மாநிலத்தின் மண்ணில் கொட்டிக் கிடந்ததோ ஈயம். வெள்ளி வெளியிலிருந்து வந்தது. கப்பலேறி, காசாக வந்தது. இங்குள்ள ஈயத்தை வாங்க வந்தவர்கள் அதைக் கொண்டுவந்தனர்.

அந்தக் காசுகளில் சில அமெரிக்காவில் அடிக்கப்பட்டவை. பழைய அமெரிக்க வெள்ளிக் காசுகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். அக்காசுகள் சிலவற்றின் பயணம் நம் வட்டாரத்தையும் தொட்டுச் சென்றிருக்கிறது.

அமெரிக்க டாலருக்கும் நம் ரிங்கிட்டுக்கும் தாய் ஒன்றே. அதுதான் ஸ்பானிய வெள்ளி. மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் வெட்டியெடுக்கப்பட்ட வெள்ளியை ஸ்பானியர் பெரிய வட்டக் காசுகளாக அடித்தனர். 1565 முதல் 1815 வரை அவர்களுடைய கப்பல்கள் மெக்சிகோவிலிருந்து மணிலாவுக்கு அக்காசுகளை ஏற்றி வந்தன. மணிலாவிலிருந்து அவை சீனாவுக்கும் மலாய்த் தீவுகளுக்கும் பரவின. காசின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடுவது அக்காலத்தில் வழக்கமான மோசடி. அதைத் தடுக்க 1732 முதல் மெக்சிகோவில் இயந்திரத்தால் அடித்த காசுகளின் விளிம்பில் வேலைப்பாடு பொறிக்கப்பட்டது. யாராவது சுரண்டினால் வேலைப்பாடு சிதைந்து காட்டிக்கொடுத்துவிடும். விளிம்பில் பல் பல்லாக இருந்ததால் மலாய்க்காரர் அக்காசை 'ரிங்கிட்' என்று அழைத்தனர். திருட்டைத் தடுக்கச் செய்த ஓர் ஏற்பாடே ஒரு நாட்டுப் பணத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

அமெரிக்காவிலும் அதே ஸ்பானிய வெள்ளிதான் புழங்கியது. விடுதலை பெற்ற பிறகு அந்நாடு 1792-இல் நாணயச் சட்டம் இயற்றியது. புழக்கத்தில் தேய்ந்திருந்த ஸ்பானிய வெள்ளிகளை எடைபோட்டுப் பார்த்து, அதற்கேற்பத் தன் டாலரின் அளவை முடிவு செய்தது. அதனால் அமெரிக்க டாலர் புதிய ஸ்பானிய வெள்ளியைவிட எடையில் சற்றே குறைந்தது. இந்தச் சிறு வேறுபாடு பின்னால் பெரும் சிக்கலை உண்டாக்கியது.

பிலடெல்பியா நாணயச்சாலை முதல் வெள்ளி டாலர்களை 1794-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் வெளியிட்டது. அன்று கணக்கில் வந்தவை 1,758 காசுகள் மட்டுமே. அவற்றின் ஒரு பக்கத்தில் விரிந்த கூந்தலுடன் ஒரு பெண் முகம். மறு பக்கத்தில் கழுகு. எஞ்சியுள்ள சிலவற்றுள் மிக நல்ல நிலையிலிருந்த ஒன்று 2013-இல் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் விலைபோனது.

ஆனால் அந்த டாலர்கள் அமெரிக்காவில் நிலைக்கவில்லை. வணிகர்கள் புதிய டாலர்களை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். அங்கே ஒன்றுக்கு ஒன்றாக ஸ்பானிய வெள்ளியை மாற்றிக்கொண்டனர். எடை கூடிய அந்த ஸ்பானிய வெள்ளியை நாணயச்சாலையில் கொடுத்து மீண்டும் டாலராக்கினர். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களுக்குச் சிறிது இலாபம். நாணயச்சாலைக்கோ காசு அடித்து அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். எனவே 1804-இல் டாலர் அடிப்பது நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு அமெரிக்காவில் புதிய வெள்ளி டாலரே இல்லை. ஸ்பானிய வெள்ளி அந்நாட்டில் 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது.

நாணயம் சேர்ப்போர் 'காசுகளின் அரசன்' என்று போற்றும் டாலர் பிறந்தது இந்த இடைவெளியில்தான். 1830-களில் அமெரிக்க அரசு ஆசிய மன்னர்களுடன் வணிக உடன்படிக்கை செய்ய எட்மண்ட் ராபர்ட்ஸ் என்பவரைத் தூதராக அனுப்பியது. மன்னர்களுக்குப் பரிசாக, அமெரிக்கக் காசுகள் ஒவ்வொரு வகையிலும் ஒன்று வைத்த பேழைகளைச் செய்யச் சொன்னது. பேழைக்கு ஒரு வெள்ளி டாலர் தேவை. நாணயச்சாலை அலுவலர்கள் பழைய ஏடுகளைப் புரட்டினர். கடைசியாக டாலர் அடித்த ஆண்டு 1804 என்று அவற்றில் இருந்தது. அதையே பொறித்துப் புதிதாகச் சில காசுகளை அடித்தனர். உண்மையில், 1804-இல் அடிக்கப்பட்ட டாலர்களில் முந்திய ஆண்டுகளே பொறிக்கப்பட்டிருந்தன. பழைய அச்சு வீணாகக் கூடாது என்று அக்காலத்தில் அப்படிச் செய்வதுண்டு. ஆகவே 1804 என்ற ஆண்டைத் தாங்கிய எந்த டாலரும் 1804-இல் அடிக்கப்பட்டதன்று!

அந்தப் பேழைகளில் ஒன்று மஸ்கட் சுல்தானுக்குப் போனது. இன்னொன்று 1836-இல் பாங்காக்கில் சயாம் மன்னர் மூன்றாம் ராமாவிடம் சேர்ந்தது. ராபர்ட்ஸ் அதே ஆண்டு மக்காவில் நோயுற்று இறந்தார். சயாம் மன்னரின் பேழை 1962-இல் லண்டனில் வெளிப்பட்டது. அதற்குள் 1804 டாலரும் இருந்தது. உலகில் அறியப்பட்ட 1804 டாலர்கள் இருபதுக்கும் குறைவு. அவற்றுள் ஒன்று நம் அண்டை நாட்டு அரண்மனையில் இருந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

மன்னருக்குச் சென்றது பரிசுக் காசு. கடைத்தெருவுக்கு வந்த அமெரிக்க வெள்ளி வேறு. அதற்கு 'வணிக டாலர்' என்று பெயர்.

அக்காலத்தில் ஆசிய வணிகத்தில் கோலோச்சியது மெக்சிகோ வெள்ளி. ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற மெக்சிகோ, பழைய ஸ்பானிய வெள்ளியின் அளவிலேயே காசடித்து வந்தது. அதனுடன் போட்டியிட அமெரிக்கா 1873-இல் ஒரு தனிக் காசை உருவாக்கியது. உள்நாட்டு டாலரைவிடச் சற்றுக் கனமானது, 27.2 கிராம் எடை, பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. எடையும் தரமும் காசின் மேலேயே எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. வாங்குபவன் சீனாவில் இருப்பான். அவனுக்கு அமெரிக்க அரசின் வாக்கைவிடத் தராசின் முள்ளே பெரிது என்பது அவர்களுக்குத் தெரியும். காசின் முகப்பில், வணிக மூட்டைகளின் மேல் அமர்ந்த சுதந்திர தேவி கடலை நோக்கிக் கை நீட்டுகிறாள். அவள் பார்ப்பது மேற்கே, பசிபிக் கடலுக்கு அப்பால் உள்ள ஆசியாவை.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தன. அதுவரை அரசாங்கக் கணக்குகள் ரூபாயில் இருந்தன. ஆனால் வணிகர்கள் ரூபாயைப் பொருட்படுத்தவே இல்லை. பிரிந்தவுடன் ஸ்பெயின், மெக்சிகோ, பெரு, பொலிவியா, ஹாங்காங் வெள்ளிகள் சட்டப்படி செல்லுபடியாயின. 1874-இல் அமெரிக்க வணிக டாலரும் ஜப்பானிய யென்னும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதே 1874, ஜனவரி 20-இல்தான் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகிப் பேராக்கில் ஆங்கிலேயரின் தலையீடு தொடங்கியது.

அடுத்த சில ஆண்டுகளில் ஈய வேட்டை லாருட்டிலிருந்து கிந்தா பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது. ஆற்றங்கரைக் கிராமமாக இருந்த ஈப்போ நகரமாக வளர்ந்தது. ஈயலம்பங்களுக்கு ஆளும் அரிசியும் வந்தன. பினாங்குக்கு ஈயம் போனது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி வெள்ளிக் காசுகளால் நடந்தது. ஒரே பையில் மெக்சிகோ கழுகும் ஜப்பானிய நாகமும் அமெரிக்கச் சுதந்திர தேவியும் ஒன்றாகக் கிடந்திருக்கலாம். எண்ணிக்கையில் மெக்சிகோ வெள்ளியே முன்னின்றது.

இத்தனை நாட்டுக் காசுகள் புழங்கினால் கள்ளக்காசும் கலக்கும். சீன வணிகர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். கைக்கு வந்த காசை எடைபோட்டு, தட்டி ஓசை கேட்டு, நல்லது என்று கண்டால் தம் கடையின் சிறு முத்திரையை அதன் மேல் குத்துவர். அது, 'இதைச் சோதித்தது நான். இதற்கு நான் பொறுப்பு' என்று சொல்வதற்குச் சமம். பல கை மாறிய காசில் பல முத்திரைகள் விழுந்தன. சில காசுகள் குத்துப்பட்டுக் குத்துப்பட்டுக் கிண்ணம்போல் குழிந்தே போயின.

வணிக டாலரின் வாழ்வு நீண்டதன்று. புழக்கத்திற்காக அதை அடிப்பது 1878-இல் நின்றது. மொத்தம் ஏறக்குறைய 36 மில்லியன் காசுகள். சீனாவிலும் இந்தியாவிலும் பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1887-இல் அமெரிக்க அரசு எஞ்சிய வணிக டாலர்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: முத்திரை குத்திச் சிதைந்த காசு ஏற்கப்படாது. ஆசியாவில் நம்பிக்கையின் அடையாளமாக இருந்த முத்திரை, பிறந்த வீட்டில் காயமாகக் கருதப்பட்டது. அண்மைக் காலம்வரை நாணயம் சேர்ப்போரும் அப்படியே நினைத்தனர். இப்போது நிலை மாறிவிட்டது. முத்திரைக் காசுகளையே தேடிச் சேர்ப்போர் தனிப் பிரிவாக உள்ளனர். மழமழவென்று இருக்கும் காசு வங்கிப் பெட்டியில் தூங்கியிருக்கலாம். முத்திரை விழுந்த காசு கடல் தாண்டிக் கடைத்தெருவைக் கண்டது என்பதற்கு அதன் உடம்பே சாட்சி.

அரிதான காசு என்றால் பழைய காசு என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. மெக்சிகோ வெள்ளி நூற்றாண்டு கடந்தது. ஆயினும் நூற்றுக்கணக்கான மில்லியன் அடிக்கப்பட்டதால் இன்றும் எளிதில் கிடைக்கிறது. ஒரு காசு எத்தனை அடிக்கப்பட்டது என்பதுகூட முழு விடையன்று. எத்தனை தப்பிப் பிழைத்தது என்பதே கேள்வி. அமெரிக்காவின் கார்சன் சிட்டி நாணயச்சாலை 1878-இல் 97,000 வணிக டாலர்களை அடித்தது. அவற்றில் 44,148 காசுகள் வெளியே போகாமலேயே உருக்கப்பட்டன. அந்த ஆண்டுக் காசைக் கண்டால் சேர்ப்பவரின் கண் விரியும். காசின் பின்புறம், கழுகின் கீழே உள்ள 'சிசி' என்னும் இரண்டு சிறிய எழுத்துகளே அதன் அடையாளம். அவற்றைப் பார்க்கத் தவறியவர் அதைச் சாதாரணக் காசாக எண்ணி விற்றுவிடுவார்.

நம் நாட்டுக் காசுக்கும் இதே கதை உண்டு. பல நாட்டு வெள்ளிகளின் குழப்பத்தைத் தீர்க்க, 1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று சொந்த வெள்ளி வந்தது. ஒரு பக்கத்தில் மன்னர் ஏழாம் எட்வர்ட். மறு பக்கத்தில் ஆங்கிலத்துடன் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். அதன் எடை 26.96 கிராம். அமெரிக்கா 1794-இல் அடித்த முதல் டாலருக்கும் இதே எடைதான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா! இக்காசு பம்பாய் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மெக்சிகோ வெள்ளி செல்லாக்காசானது. பேராக்கும் நீரிணை வெள்ளியையே பயன்படுத்தியதால் புதுக்காசு ஈயலம்பங்களுக்கும் புதிதாகத் தோன்றிய பால்மரத் தோட்டங்களுக்கும் வந்தது. இந்தியாவிலிருந்து ஆளும் வந்தது; வெள்ளியும் வந்தது.

1906-இல் அரசாங்கம் வெள்ளியின் மதிப்பை ஆங்கிலப் பணத்துடன் பிணைத்தது. 60 வெள்ளிக்கு 7 பவுன் என்று கணக்கு. ஆனால் உலகச் சந்தையில் வெள்ளி உலோகத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. காசாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிலை வந்தது. எனவே 1907-இல் காசின் எடையை ஏறக்குறைய 20.2 கிராமாகக் குறைத்தனர். பழைய பெரிய வெள்ளிகளில் பெரும்பாலானவை உலைக்குள் போயின.

தப்பியவை எங்கே? சில வங்கிகளிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ளன. சில தோட்டத்து லயங்களில் டிரங்குப் பெட்டிகளின் அடியில், பழைய சேலைத் துணியில் முடிந்து கிடந்தன. அக்காசுகளை யாரும் 'சேகரிப்பு' என்று நினைத்துச் சேர்க்கவில்லை. 1930-இல் பால்மரம் வெட்டும் ஆணின் நாட்கூலி 40 காசாகக் குறைக்கப்பட்டது; பெண்ணுக்கு 32 காசு. அப்படியானால் ஒரு வெள்ளி என்பது ஆணுக்கு இரண்டரை நாள் உழைப்பு. பெண்ணுக்கு மூன்று நாளுக்கும் மேல். ஜப்பானியர் காலத்தில் வாழைமரம் போட்ட நோட்டு புழங்கியது; 1945-இல் அந்த நோட்டு வெறும் தாளாயிற்று. மூட்டை மூட்டையாக நோட்டு வைத்திருந்தவர் கையைப் பிசைந்தபோது, நான்கு வெள்ளிக் காசைப் புதைத்து வைத்திருந்தவர் அரிசி வாங்க முடிந்தது. தாளை நம்பாதே, உலோகத்தை நம்பு என்று அந்தத் தலைமுறை கற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

பெட்டியில் கிடப்பவை எல்லாம் பெரிய வெள்ளியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. பெரும்பாலும் கிடைப்பவை மன்னர் ஆறாம் ஜார்ஜின் தலை போட்ட மலாயாச் சில்லறைகள். 1939-இன் 20 காசில் நான்கில் மூன்று பங்கு வெள்ளி. 1943, 1945-ஆம் ஆண்டுக் காசில் பாதி. 1948-இல் வெள்ளியே இல்லை. போரின் நெருக்கடி அந்தச் சின்னக் காசுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. இவை விலையுயர்ந்தவை அல்ல. சிலவற்றில் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கும். யாரோ ஒரு குழந்தையின் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கியவை. ஏலக்கடைக்காரர் அத்தகைய காசைக் கண்டதும் விலையைக் குறைத்துவிடுவார்.

காசு கையில் கிடைத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்கைத் துலக்கிய பழக்கம் அது. வெள்ளியின் மேல் படியும் கருமை, காற்றிலுள்ள கந்தகத்தால் பல ஆண்டுகளாகப் படிந்தது. அதைத் தேய்த்தெடுத்தால் அடியிலுள்ள நுண்ணிய வேலைப்பாடும் சேர்ந்து போகும். பழகியவர் ஒரே பார்வையில் 'துலக்கிய காசு' என்று கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். அதைவிட மோசம் உருக்குவது. நகைக்கடையில் கொடுத்துக் கொலுசாக்கினால் அதிலுள்ள வெள்ளியின் விலை கிடைக்கும். ஆண்டும் நாணயச்சாலையும் முத்திரையும் உலையோடு போகும்.

போலிகள் இன்னொரு தொல்லை. ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் மட்டுமன்று, உலகின் எந்தப் பழம்பொருள் சந்தையிலும் வணிக டாலரைப்போலச் செய்த போலிகள் தட்டுத்தட்டாக வைக்கப்பட்டிருக்கும். அவற்றை அறியப் பள்ளி அறிவியல் கூடமே போதும். முதலில் காந்தத்தை அருகில் கொண்டுபோக வேண்டும். ஒட்டினால் அது வெள்ளியன்று. ஒட்டாவிட்டால் எடைபோட வேண்டும். உண்மையான வணிக டாலர் 27.2 கிராம் இருக்கும். நன்கு தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். எடை சரியாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. காசை நூலில் கட்டி, நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டு மீண்டும் எடைபோட வேண்டும். நீரில் எடை 2.6 கிராம் அளவுக்குக் குறைந்தால் அது பத்தில் ஒன்பது பங்கு வெள்ளிக்குப் பொருந்தும். 3 கிராமுக்கு மேல் குறைந்தால் அது பித்தளையோ செம்புக் கலவையோதான். ஆர்க்கிமிடீஸ் கண்ட அதே உண்மை, கள்ளக்காசுக்காரனை இன்றும் பிடித்துக் கொடுக்கிறது.

கைவிடப்பட்ட தோட்டங்களிலும் பழைய ஈயலம்பங்களிலும் மண்ணைத் தோண்டிக் காசு தேடுவது வேறு விஷயம். 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, மரபுப் பொருள் என்று கருதத்தக்க ஒன்றைக் கண்டெடுப்பவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்பது கதைகளில் மட்டுமே.

வீட்டில் இருக்கும் காசைப் பேணுவது எளிது. முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். மலிவான மென்பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நம் நாட்டு வெப்பத்தில் பச்சைப் பிசுக்கு படியும். அமிலம் இல்லாத தாளுறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைப்பது நல்லது.

உறையோடு ஓர் அட்டையும் வைப்பது சேர்ப்போரின் வழக்கம். நாடு, ஆண்டு, எடை, விட்டம் ஆகியவற்றை அதில் எழுதுவர். இவையெல்லாம் காசைப் பார்த்தாலே தெரிபவை; அட்டை தொலைந்தாலும் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். காசைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத செய்தி ஒன்று உண்டு. இதை வைத்திருந்தவர் யார், எந்தத் தோட்டத்தில் இருந்தார், எதற்காகச் செலவழிக்காமல் வைத்தார் என்பதே அது. பேராக்கின் பால்மரத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை. அந்த வரியை எழுதித்தரக் கூடியவர் வீட்டிலுள்ள தாத்தாவும் பாட்டியும் மட்டுமே. அவர்களிடம் கேட்டு, சொல்லும்போதே அட்டையில் குறித்துக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.